ஜே.பி. முத்திரை குத்திய இருபத்து நான்கு சொற்கள்

போன மாதம் ஒரு காலைப்பொழுது. தேநீரும் பத்திரிகையுமாக நான் உட்கார்ந்திருந்த மேசைமேல் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். பளபளவென்று லெமினேட் செய்த தாள்.

"பார். எப்பிடி இருக்கு?"

பார்த்தேன். அக்காவின் முத்து முத்தான கையெழுத்தில் ஆங்கிலச் சொற்கள் — இரண்டு நிரல்களில், மொத்தம் இருபத்து நான்கு. கீழே நீல மையில் வட்டமான முத்திரை. பக்கத்தில் கம்பீரமான ஒரு கையொப்பம். "மூலப் பிரதியுடன் ஒப்பிட்டேன். உண்மைப் பிரதி." சமாதான நீதவான், கொட்டாஞ்சேனை.

தேநீர் மூக்கில் ஏறியது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

உங்களில் சிலர் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்கள், "நல்ல விஷயம்தானே, எந்தத் தாளுக்கும் ஓர் உறுதிப்படுத்திய பிரதி கையில் இருப்பது நல்லது" என்று நினைப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அரச திணைக்களம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுற்றுநிருபங்களை மனப்பாடமாக ஒப்புவிப்பேன். எனக்குத் தெரியாத நடைமுறை இந்த நாட்டில் இல்லை என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு — பாராட்டாக அல்ல.

ஆனால் இந்தத் தாள் வேறு ரகம். இதை வைத்திருப்பவர் எவரோ, அவர் அக்காவின் சேமிப்பு முழுவதையும் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போகலாம். பூட்டு உடைக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கொழும்புக்கு வரவே வேண்டியதில்லை.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "பேரைப் போடாதை. மிச்சமெல்லாம் போடு" என்றார். ஆகவே, போடுகிறேன்.

அக்கா ஓய்வுபெற்ற வணிகக் கல்வி ஆசிரியர். வெள்ளவத்தையில் நான் இருக்கும் அதே அடுக்குமாடியில், எனக்கு இரண்டு மாடி மேலே வாடகைக்கு இருக்கிறார். அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகன் நோர்வேயில். அவன் வந்து இரு, வந்து இரு என்று கூப்பிட்டு அலுத்துப்போனான். "அங்க வந்து ஆரோட சண்டை பிடிக்கிறது?" என்பது அக்காவின் நிலையான பதில்.

இந்த வருடத் தொடக்கத்தில் லண்டனில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் தொலைபேசியில் வந்தார். வீட்டை விற்கப் போகிறாராம். முதல் உரிமை டீச்சருக்குத்தானாம். ஆனால் முற்பணம் சீக்கிரம் வேண்டுமாம். தெஹிவளையில் ஒருவர் கையில் காசோடு நிற்கிறாராம்.

அக்காவிடம் காசு இருந்தது. எப்படிப்பட்ட காசு என்பதில்தான் சிக்கல்.

ஓய்வுபெற்ற பிறகு அக்கா சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புச் செய்து கொடுக்கிறார் — சலவை இயந்திரத்தின் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், இப்படியானவை. அந்தக் கம்பனி சம்பளத்தை பிட்கொயினில் கொடுக்கும். முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன்.

"கண்ணால பாக்கேலாத சல்லியோ அக்கா?"

"உன்ர பென்ஷனைக் கண்ணால பாக்கக்கூடியதா இருக்கோ?"

பிறகு நாடு வங்குரோத்தாகி நாமெல்லாம் பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்தில் அக்காவின் கண்ணுக்குத் தெரியாத சல்லி வளர்ந்தது. என் கண்ணுக்குத் தெரிந்த சல்லி தேய்ந்தது. இதற்காக நீங்களும் இதில் இறங்குங்கள் என்று சொல்லவில்லை. ஏறிய வேகத்திலேயே இறங்கும் சாமான் இது. இறங்கினால் முறையிட ஒரு கவுண்டரும் கிடையாது. கவுண்டர் இல்லாத இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அந்த நாணயங்கள் அக்காவின் போனில், ஒரு பரிமாற்ற நிறுவனத்தின் செயலியில் கிடந்தன. வீடு வாங்கும் கதை வந்ததும் மகன் பதறினான். "அம்மா, அது உங்கட கையில இல்லை, ஆற்றையோ கையில இருக்கு. ஹார்ட்வேர் வொலட் ஒண்டு அனுப்புறன்."

அனுப்பினான். தயாரித்த கம்பனியிடமே நேரடியாக வாங்கி — இது சரியான முறை, இரண்டாம் கையில் வாங்கவே கூடாது — கொழும்புக்கு வரும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். இது நம்முடைய முறை. நம்மவர் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அவருடைய பெட்டியில் அவருடைய சாமானுக்குத்தானே இடம் இருக்காது? இவர் சொக்லட்டுக்கு இடம் விட்டு, சாதனத்தின் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, சாதனத்தையும் அதோடு வந்த வெற்று அட்டைகளையும் மட்டும் ஒரு சொக்ஸுக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தார்.

"பெட்டியில ஒரு சீல் ஒட்டியிருக்குமே, அது உடையாமல் இருந்ததோ?" என்று கேட்டேன்.

"சீல் எல்லாம் நல்ல வடிவா இருந்தது, அண்ணை. நான்தான் கிழிச்சனான்."

சாதனம் எப்படியிருக்கும் என்று கேட்கிறீர்களா? ஒரு பென் டிரைவ் அளவு. சின்னத் திரை. இரண்டு பொத்தான்கள். அவ்வளவுதான். இணையத்தில் இருந்த கையேட்டைச் சுற்றுநிருபம்போல மனப்பாடம் செய்துவிட்டேன். தயாரிப்பாளரின் மென்பொருளை அவர்களின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்கி, சாதனத்தை இணைத்து, அசலா போலியா என்று அதையே கேட்டோம். அசல் என்றது. உள்ளே யாரும் ஏற்கெனவே இரகசிய இலக்கம் போட்டு வைக்கவில்லை என்பதையும் பார்த்தோம். இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இப்படியொரு சாதனம் சொற்கள் எழுதி நிரப்பிய அட்டையோடு உங்களிடம் வந்தால், "பாவம், எனக்குச் சிரமம் கொடுக்காமல் எல்லாம் செய்து தந்திருக்கிறார்கள்" என்று நெகிழ வேண்டாம். அப்படியே கடலில் போடுங்கள். அந்தச் சொற்களை எழுதியவர் உங்கள் பணத்துக்காகக் காத்திருக்கிறார்.

அது என்ன சொற்கள்?

பலரும் நினைப்பதுபோல நாணயங்கள் அந்தச் சாதனத்துக்குள் இல்லை. அவை உலகம் முழுக்கப் பரந்து கிடக்கும் ஒரு பொதுக் கணக்கில் இருக்கின்றன. சாதனத்துக்குள் இருப்பது அவற்றை அசைக்கும் சாவி. அந்தச் சாவியைத்தான் சாதனம் முதல் நாளில் இருபத்து நான்கு சாதாரண ஆங்கிலச் சொற்களாக்கிக் காட்டுகிறது. எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது. சாதனம் தொலைந்தாலும் பரவாயில்லை. சொற்கள் இருந்தால் இன்னொன்று வாங்கி எல்லாவற்றையும் மீட்கலாம். சொற்கள் இன்னொருவர் கைக்குப் போனாலோ, சாதனத்தை மடியில் கட்டிக்கொண்டு படுத்தாலும் பயனில்லை.

ஆகவே, சொற்கள் வரும் நேரம் நான் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கூடப் பிறந்தவன் என்றாலும் பார்க்கக்கூடாது. அதுதான் முறை.

"தம்பி, இதென்ன, ‘கோட்’ எண்டு வருது?"

"அக்கா! வாசிக்காதேங்கோ!"

"ஆட்டைச் சொன்னா என்ன?"

"ஆட்டையும் சொல்லக்கூடாது."

எழுதி முடித்ததும் சாதனம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்களை இலக்கம் சொல்லித் திருப்பிக் கேட்டது. அக்கா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் கொடுத்தார். முதலில் ஒரு சிறு துளியை அனுப்பிப் பார்த்து, அது வந்து சேர்ந்ததும் மிச்சம் அத்தனையையும் செயலியிலிருந்து இந்தச் சாதனத்துக்கு மாற்றினோம். கடைசியாக நான் என் உத்தியோகக் குரலில் அறிவுறுத்தல்களை வாசித்தேன். படம் எடுக்கக்கூடாது. ஒருவருக்கும் சொல்லக்கூடாது. போனில், கணினியில் எழுதி வைக்கக்கூடாது. எந்தக் கம்பனி கேட்டாலும் கொடுக்கக்கூடாது. உண்மையான கம்பனி கேட்காது. "பத்திரமா வைச்சிருக்கவேணும், அக்கா."

"எனக்குத் தெரியும். நீ வீட்டை போ."

பத்திரமாக! நம் ஊரில் ஒரு தாளைப் பத்திரப்படுத்துவது என்றால் என்ன? பிறப்புச் சான்றிதழோ, ஓ.எல். பெறுபேறோ, காணி உறுதியோ, எதுவாக இருந்தாலும் செய்வது ஒன்றுதான். கொப்பி எடு. ஜே.பி.யிடம், அதாவது சமாதான நீதவானிடம், ஒப்பம் வாங்கு. லெமினேட் பண்ணு. அக்கா ஒன்றையும் விடவில்லை.

"ஏன் முழிக்கிறாய்? நல்லா வந்திருக்கெல்லோ?" என்றார் அன்று காலை, கவிழ்த்து வைத்த தாளைத் திருப்பி நிமிர்த்தியபடி.

"அக்கா, படம் எடுக்கக்கூடாது எண்டு சொன்னனானெல்லே!"

"நான் எங்க எடுத்தனான்? கொமியூனிகேஷன் கடையில ஸ்கான் எல்லோ செய்தது."

"ஸ்கான்... கம்பியூட்டரிலயோ?"

"பின்ன, அம்மியிலயோ?"

"ஒருத்தருக்கும் காட்டக்கூடாது எண்டு சொன்னன்."

"ஜே.பி. ஒருத்தரோ? அவர் அதிகாரி. நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுறனீ — ஒப்பம் இல்லாத கொப்பி கடலை சுத்தத்தான் உதவும் எண்டு."

சொன்னவன் நான்தான். மறுக்க முடியாது.

"எந்த ஜே.பி.?"

"கொட்டாஞ்சேனை ஜே.பி.தான். இஞ்சை உள்ளவை பாக்காமலே கையெழுத்துப் போடுவினம். அவர் ஒழுங்கான மனுசன்."

அவரை எனக்கும் தெரியும். அக்காவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஓய்வுக்குப் பிறகு சமாதான நீதவான். காசு வாங்க மாட்டார், தேநீரும் கொடுப்பார். ஒழுங்கானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒழுங்கானவர் என்றால் ஒன்றையும் விடாமல் ஒப்பிட்டிருப்பார்.

அங்கே நடந்ததை அக்கா பெருமையாக விவரித்தார். ஜே.பி. இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். "என்ன டீச்சர் இது, நேர்சரிப் பிள்ளைக்கு ஸ்பெல்லிங் டெஸ்டா?" என்று கேட்டாராம். இல்லை, மிக முக்கியமான ஆவணம் என்று அக்கா சொன்னாராம். "அப்படின்னா நல்லா ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்" என்றவர், தன் விறாந்தையில் காத்திருந்த ஒரு தம்பதியில் கணவனைக் கூப்பிட்டு, "நான் வாசிக்கிறேன், நீங்க கொப்பியைப் பாத்துட்டு வாங்க" என்றாராம்.

"வாசிச்சவரோ? சத்தமாவோ?"

"பின்ன? கணீரெண்ட குரல் அந்தாளுக்கு. பள்ளிக்கூடத்தில அசெம்பிளிக்கு மைக்கே தேவையில்லை."

"எத்தனை பேர் இருந்தவை?"

"ஒரு நாலைஞ்சு பேர் இருக்கும். ஆக்கள் பாவம், எனக்காகக் காத்திருந்தவை. ஒரு சொல்லும் பிழை இல்லை எண்டு முடிய ஒரு மனுசி கைகூடத் தட்டினது. ஜே.பி. தன்ர பைல் கோவைக்கும் ஒரு கொப்பி எடுத்து வைச்சவர்."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா, இப்பவே மாத்தவேணும். அந்தச் சொல்லு தெரிஞ்ச ஆர் வேணுமெண்டாலும் உங்கட சல்லியை எடுக்கலாம்."

"இப்பவோ? நான் மீன் வெட்டிப்போட்டு வந்தனான்."

"மீன் இருக்கும். வீடு இருக்காது."

அந்த ஒரு வசனம் வேலை செய்தது. அக்காவின் முகம் மாறியது. எழுந்து படியேறினார். லிப்ட் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மடிகணினியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

செய்ய வேண்டியது என்னவென்றால் — வீட்டுச் சாவி களவு போனால் பூட்டை மாற்றுவதுபோல இங்கே மாற்ற முடியாது. ஒரு சாவிக்கு உரிய சொற்களை மாற்றவே முடியாது. புதிய சாவி ஒன்றை உண்டாக்கி, பழைய இடத்தில் உள்ள பணத்தைப் புதிய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கையில் இரண்டு சாதனம் இருந்தால் சுலபம். எங்களிடம் ஒன்றுதான். இன்னொன்று நோர்வேயிலிருந்து யாருடைய சொக்ஸுக்குள்ளாவது வந்துசேரும்வரை காத்திருக்க முடியாது.

ஆகவே நடைமுறை இது. முதலில் சாதனத்தை முழுதாக அழிப்பது. புதிய சொற்களை உண்டாக்கி, எழுதி, பணம் பெறும் புதிய விலாசத்தைக் குறித்துக்கொள்வது. பிறகு மறுபடி அழித்து, பழைய சொற்களைக் கொடுத்துப் பழைய சாவியை உயிர்ப்பித்து, பணத்தைப் புதிய விலாசத்துக்கு அனுப்புவது. கடைசியாக இன்னொரு தடவை அழித்து, புதிய சொற்களைக் கொடுத்து, பணம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது.

"அழிக்கிறதோ?" அக்காவின் விரல் பொத்தான்மேல் நின்றது. "உள்ளுக்க வீட்டுக் காசு கிடக்கு. அழிச்சா போயிடாதோ?"

"உள்ளுக்க ஒண்டும் இல்லை. காசு வெளியில கிடக்கு. சாவி உங்கட அட்டையில கிடக்கு."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

நிச்சயம் என்று சொன்ன குரல் என்னுடையதுதான். ஆனாலும் அந்தப் பொத்தானை அமர்த்தச் சொல்வது சுலபமாக இருக்கவில்லை. பிரமாணங்களைப் படித்து வைத்திருப்பது வேறு. கூடப் பிறந்தவரின் வீட்டை அவற்றின்மேல் வைப்பது வேறு.

அழித்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். புதிய சொற்களை எழுதினார். இம்முறை ஆடு, மாடு ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விலாசத்தைக் குறித்தோம். மறுபடி அழித்தார். இனிப் பழைய சொற்கள். அந்தச் சின்னப் பொத்தான்களால் எழுத்து எழுத்தாகத் தேடி ஒவ்வொரு சொல்லாக இட வேண்டும். நல்ல வேளை, சொல்லின் முதல் சில எழுத்துகளை இட்டதுமே மிச்சத்தைச் சாதனம் தானே ஊகித்துவிடும். ஆனாலும் இருபத்து நான்கு சொற்கள். கீழே கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. அடுத்த ரயிலும் போனது.

"தம்பி... பிழை எண்டு சொல்லுது."

"என்ன பிழை?"

"இன்வலிட் எண்டு கிடக்கு."

"ஒரு சொல்லை மாறி அடிச்சிருப்பியள். திரும்ப அடியுங்கோ."

திரும்ப அடித்தார். நான் சுவரில் இருந்த வெடிப்பை மேலிருந்து கீழாகப் பார்த்து முடித்து, கீழிருந்து மேலாகப் பார்க்கத் தொடங்கினேன்.

"திரும்பவும் அதுதான்."

இம்முறை அக்காவின் குரல் வேறாக இருந்தது. எத்தனையோ வகுப்புகளை ஓர் அதட்டலில் அடக்கிய குரல் அது. இப்போது அதில் ஒன்றுமில்லை.

"தம்பி... வீடு போட்டுதோ?"

சொற்கள் சரியானவை என்று எனக்குத் தெரியும். முதல் நாள் சாதனமே கேட்டுப் பார்த்தது. கொட்டாஞ்சேனை நீதவான் வேறு ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருக்கிறார்! அப்படியானால் எங்கே பிழை?

"அக்கா, நான் திரும்பி ஒருக்கா பாக்கட்டோ?"

"திரும்பாதை!"

"கொட்டாஞ்சேனைக்கே தெரிஞ்ச சொல்லு. நான் பாத்தா என்ன?"

"ஆருக்கும் காட்டக்கூடாது எண்டு சட்டம் போட்டது நீ. சட்டமெண்டா சட்டம்."

வீடு போகும் நேரத்தில்கூட! எங்கள் குடும்பத்தில் யாருக்கு என் குணம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. சுவரைப் பார்த்தபடியே விசாரணையைத் தொடங்கினேன்.

"சரி, சொல்லை வாசிக்க வேண்டாம். எந்த ஒழுங்கில அடிச்சனீங்கள், அதை மட்டும் சொல்லுங்கோ."

"இதென்ன கேள்வி? இடப்பக்கம் ஒண்டு, நேரை வலப்பக்கம் ஒண்டு. அந்த வரி முடிய அடுத்த வரி. இடம், வலம், இடம், வலம்."

சுவரிடம் சிரித்தேன். வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று படிப்பித்த மனிதர். இரண்டு நிரல்களைக் கண்டால் அவருடைய கண் குறுக்கேதான் போகும்.

"அக்கா, உது கணக்கேடு இல்லை. இடப்பக்கத்தை மேலயிருந்து கீழ வரைக்கும் முடியுங்கோ. பேந்து வலப்பக்கம். சொல்லுக்குப் பக்கத்தில நம்பர் இருக்குமே?"

நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது.

"இருக்குதான். இவ்வளவு சின்னனா அடிச்சா ஆருக்குத் தெரியும்? கம்பனிக்காரனுக்கு விசர்."

மூன்றாவது தடவை சாதனம் ஏற்றுக்கொண்டது. பழைய கணக்கு அப்படியே எழுந்து வந்தது. அக்கா ஒரு நீண்ட மூச்சு விட்டார். நான் இரண்டு விட்டேன்.

அப்போதும் அவசரப்படவில்லை. முதலில் ஒரு துளியை மட்டும் புதிய விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். மடிகணினியில் தெரியும் விலாசமும் சாதனத்தின் திரையில் தெரியும் விலாசமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். கணினியை ஏமாற்றலாம், சாதனத்தின் திரையை ஏமாற்றுவது கடினம். முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் உண்டு. அக்கா முழுவதையும் வாசித்தார், வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக. துளி போய்ச் சேர்ந்தது. பிறகு மிச்சம்.

உறுதியாகும்வரை பொறுக்க வேண்டும் என்றேன். "அதுவரைக்கும் இதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" என்று குசினிக்குள் போய் மீனை அடுப்பில் ஏற்றினார். கறி இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. கடைசித் தடவையாக அழித்து, புதிய சொற்களை — மேலிருந்து கீழாக! — இட்டுப் பார்த்தோம். வீட்டுக் காசு முழுவதும் அங்கே இருந்தது.

"இரு, சாப்பிட்டுப் போ" என்றார். அக்காவின் அகராதியில் அது நன்றிக்குச் சமம்.

பணம் பத்திரமாகிவிட்டாலும் என் நடைமுறைப் புத்தி விடவில்லை. மறுநாள் கொமியூனிகேஷனுக்குப் போனேன். கடைக்கார நவாஸ் நல்ல மனிதர். டீச்சரின் ஸ்கானை அழித்துவிடச் சொன்னேன். அழித்தார். குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கச் சொன்னேன். அதையும் செய்தார். செய்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சேர், வெள்ளவத்தையில உள்ள பாஸ்போர்ட், ஐ.டி., உறுதி, பேங்க் புக் எல்லாம் இந்த மெஷின்லதான் ஸ்கான் பண்ணியிருக்கு. இதுவரைக்கும் அழிங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க என்னடான்னா ஒரு ஸ்பெல்லிங் லிஸ்டுக்கு வந்து நிக்கிறீங்க!"

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். சனம் நெரியும் காலி வீதியில் சிறிது தூரம் நடந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. என்னுடைய அடையாள அட்டை, ஓய்வூதியப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் — எல்லாவற்றையும் எத்தனை கடைகளில், எத்தனை கணினிகளில் விட்டு வந்திருக்கிறேன்? நீங்கள்? வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டுப் போடுகிறோம். வீட்டு உறுதியைக் கடைக் கணினியில் விட்டு வருகிறோம். மூலப் பிரதி கையில் இருந்தால் போதும் என்பது நம் நம்பிக்கை. களவெடுக்கிறவருக்கு மூலப் பிரதி எதற்கு?

கொட்டாஞ்சேனைக்கும் தொலைபேசி எடுத்தேன். கோவையில் இருக்கும் பிரதியைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள் என்றேன்.

"கிழிக்கிறதா?" ஜே.பி. அதிர்ந்துபோனார். "முத்திரை குத்தின ஆவணம், தம்பி. நினைச்சபடி கிழிக்க முடியுமா? அது இங்கதான் இருக்கும். பயப்படாதீங்க, டீச்சர் எப்ப கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன்."

வாதாடவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

புதிய சொற்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. வெள்ளவத்தை உப்புக்காற்றுக்குக் காகிதம் நெடுநாள் தாங்காது, உலோகத் தகட்டில் பொறித்து இரண்டு இடங்களில் வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். எங்கே என்பதை மகன் இதற்குப் பிறகு ஒரு கிழமை வந்து நின்றபோது நேரில் தெரிந்துகொண்டு போயிருக்கிறான் — என்ன என்பது அவனுக்கும் தெரியாது. ஒருவருக்காவது இடம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நமக்குப் பிறகு அந்தப் பணம் யாருக்கும் இல்லை.

வேண்டியதை முறைப்படி விற்று வங்கிக்குக் கொண்டுவரும் வேலையையும் மகனே பொறுப்பெடுத்தான். முற்பணம் லண்டன்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. போன வெள்ளிக்கிழமை வீட்டு உறுதி எழுதினார்கள். சட்டத்தரணியின் அறையில் அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தார். தெஹிவளைக்காரர் வேறு வீடு பார்க்கிறாராம். வீட்டுச் சொந்தக்காரியான பிறகு அக்கா முதல் வேலையாக அடுக்குமாடிச் சங்கத்துக்கு லிப்ட் பற்றி ஒரு முறைப்பாடு எழுதினார். வாடகைக்கு இருந்தவரை எழுதவில்லையாம் — உரிமை இல்லையாம்!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எல்லாவற்றையும் மாற்றியபோது அக்கா வேண்டுமென்றே ஒரு சின்னத் தொகையைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்திருந்த நேரம். எனக்கே பிறகுதான் தெரியும்.

"ஏன் அக்கா?"

"பாப்பம். ஸ்கான் செய்த கடை, கொப்பியைப் பிடிச்சுப் பாத்த மனுசன், கை தட்டின மனுசி... எத்தினை பேருக்கு அந்தச் சொல்லு தெரியும்? ஆர் எடுக்கினம் எண்டு பாப்பம்."

அந்தக் கணக்கைப் பார்க்கச் சாதனம் வேண்டியதில்லை. யாரும் இணையத்தில் பார்க்கலாம். தினமும் காலையில் அக்கா பார்க்கிறார். நேற்று நானும் கூட இருந்து பார்த்தேன். ஒரு சதமும் குறையவில்லை.

கொழும்பில் நேர்மை இன்னும் இருக்கிறது என்று அக்கா முடிவு செய்துவிட்டார். சந்தோஷமாக இருக்கிறார். அதைக் கெடுப்பானேன் என்று என் முடிவை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்: முத்திரை குத்திய தாள் எதையும் நம் நாட்டில் ஒருவரும் வாசிப்பதில்லை — ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள்!